மின்னாத விண்மீன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின்போது நம் பள்ளிக் குடிலின் மேல் கண்சிமிட்டிக் கொண்டிருந்த சிறிய வால் நட்சத்திரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெற்றோர் பலரும் அதைப் பாராட்டினர். ஆனால் அந்த விண்மீன் ஒரு வாரம் மின்ன மறுத்த கதை பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டால்தான் எங்கள் மனத்துக்கும் நிம்மதி.

விண்மீன் செய்யும் பொறுப்பை இயற்பியல் சிஸ்டர் எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தார். கடைச் சரவிளக்கு வேண்டாம், நாமே செய்வோம் என்று துணிந்தோம். பி.சி. 547 டிரான்சிஸ்டர் இரண்டு, மின்தேக்கி இரண்டு, மின்தடை நான்கு, சிவப்பு எல்.இ.டி. இரண்டு, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இவ்வளவே தேவை. ஒரு டிரான்சிஸ்டர் விழித்திருக்கும்போது மற்றது உறங்கும். மின்தேக்கியின் மின்னழுத்தம் உரிய அளவை எட்டியதும் உறங்கியது விழிக்கும், விழித்தது உறங்கும். இப்படி முறை மாறுவதால் விண்மீனின் நடுவிலும் வாலிலும் உள்ள விளக்குகள் மாறி மாறி எரியும்.

எங்களில் ஒருத்தியின் தந்தை வானொலி பழுது பார்ப்பவர். ஆகவே பற்றவைக்கும் வேலையை அவளிடம் விட்டோம். மற்ற மூவரும் வரைபடம் பார்த்து உறுப்புகளைச் சேகரித்தோம். மின்தேக்கிகளை மட்டும் ஆய்வகத்துப் பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். “இது சரியானதுதானாடி?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். “நீ உன் வேலையைப் பார்” என்றோம்.

பேட்டரியை இணைத்தோம். இரண்டு விளக்குகளும் எரிந்தன, எரிந்துகொண்டே இருந்தன. சிமிட்டவே இல்லை! மீட்டர் வைத்துப் பார்த்தோம். 9 வோல்ட் இருந்தது. டிரான்சிஸ்டரின் கால்களைச் சரிபார்த்தோம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று மின்தடையின் நிறங்களையும் படித்தோம். 47 கிலோ ஓம், சரியே. மின்தேக்கியின் இணைப்பு விட்டுப்போனால் இரண்டு விளக்குகளும் இப்படித்தான் ஒன்றாக எரியும் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். உடனே தீர்ப்பு எழுதிவிட்டோம்: பற்றவைப்புத்தான் பிழை!

அவள் ஒவ்வோர் இணைப்பையும் பிரித்து மீண்டும் பற்றவைத்தாள். மறுநாளும் அதே வேலை. விரல் நுனி சுட்டுக் கொப்பளித்தது. “அப்பா ரேடியோ பார்க்கிறார் என்றால் மகளுக்கும் வந்துவிடுமா?” என்று எங்களில் யாரோ சொல்லிவிட்டோம். யார் சொன்னது என்று இப்போது பிரிக்க விரும்பவில்லை, மூவரும்தான் சிரித்தோம். அவள் தலை குனிந்து ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மின்சாரம் போயிற்று. ஆய்வகம் இருண்டது. எரிந்துகொண்டிருந்த எங்கள் விண்மீனையே விளக்காக எடுத்துக்கொண்டு அவள் மெழுகுவத்தி தேடக் கையை வேகமாக வீசினாள். அப்போது இருளில் ஒரு புதுமை கண்டோம். வெளிச்சம் கோடாக இழுபடாமல், செபமாலை மணிகளைப் போல் துண்டு துண்டாகத் தெரிந்தது!

ஓடிச்சென்று சிஸ்டரிடம் சொன்னோம். சிஸ்டர் வந்து அந்த வட்டமான மின்தேக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் 104 என்று அச்சிட்டிருந்தது. வரைபடம் கேட்டது 10 மைக்ரோ ஃபாரட். முன்னால் 10 இருப்பதைப் பார்த்ததுமே நாங்கள் எடுத்துவிட்டோம். உண்மையில் 10-க்குப் பின் 4 சுழியங்கள், அதுவும் பிக்கோ ஃபாரட்டில், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். நூறில் ஒரு பங்கு! ஆதலால் மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை சிமிட்ட வேண்டிய விளக்கு, ஒரே நொடியில் 150 முறைக்குமேல் சிமிட்டியிருக்கிறது. அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாது. நின்று எரிவதாகவே தோன்றும்.

“பிள்ளைகளா, அது முதல் நாளிலிருந்தே மின்னிக்கொண்டுதான் இருந்தது. உங்களுக்குத்தான் தெரியவில்லை” என்றார் சிஸ்டர்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழி எங்களுக்காகவே பிறந்தது போலிருந்தது. அவளுடைய பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை. குறை, நாங்கள் எடுத்துக் கொடுத்த பொருளில். அவள் கேட்ட ஒரு கேள்விக்குக் காது கொடுத்திருந்தால் ஒரு வார உழைப்பும் ஒரு விரல் கொப்புளமும் மிச்சமாகியிருக்கும்.

மன்னிப்புக் கேட்டபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. “சரி, சரி, புது மின்தேக்கி வாங்கி வாருங்கள். கூட்டல் முனை எந்தப் பக்கம் என்று பார்த்து நானே வைக்கிறேன்” என்றாள். திங்கட்கிழமை விண்மீன் நிதானமாகக் கண்சிமிட்டியது.

அந்த 104 மின்தேக்கிகள் இரண்டையும் எங்கள் செய்முறை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஒருத்தியின் மேல் குற்றம் சொல்ல வாய் திறக்கும்போது, முதலில் அந்தப் பக்கத்தைத் திறப்போம்.