ஆட்டுக்குட்டிகளின் மௌனமும் எமது பார்வையும்

பேய்ப் படம், கொலைப் படம் என்றால் இயன்றவரை தவிர்த்துவிடுபவள் நான். சமூகப்பணியாளராகப் பகல் முழுவதும் கேட்கும் கதைகளே போதும், இரவிலும் பயப்பட வேண்டுமா என்ற எண்ணம்தான். அதனால், பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி பலமுறை சொல்லியும் ‘த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்தை நீண்ட காலம் பார்க்காமலே இருந்தேன். பார்த்த பின்னர்தான், அது பயமுறுத்துவதற்காக மட்டும் எடுக்கப்பட்ட படம் அல்ல என்பது புரிந்தது. ஒரு பெண்ணை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிய படம் அது.

தோமஸ் ஹரிஸ் 1988இல் எழுதிய நாவலைத் தழுவி, ஜொனதன் டெம்மின் நெறியாள்கையில் 1991இல் இப்படம் வெளிவந்தது. சிறந்த படம், நெறியாளர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய ஐந்து முக்கிய ஒஸ்கார் விருதுகளையும் ஒருசேரப் பெற்றது. பயங்கரப் படங்களைப் பொதுவாக இரண்டாம் தரமாகவே கருதும் விருதுக் குழுவினர் இதனை ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

கதை இதுதான். க்ளாரிஸ் ஸ்டார்லிங் அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறையில் பயிற்சி பெறும் இளம்பெண். இளம்பெண்களைக் கடத்திக் கொலை செய்யும் ஒருவனைக் கண்டுபிடிப்பதற்காக, சிறையில் இருக்கும் ஹனிபல் லெக்டர் என்ற உளமருத்துவரிடம் அவள் அனுப்பப்படுகிறாள். அவரும் ஒரு கொலைகாரர். மனித மாமிசம் உண்டவர்.

லெக்டராக நடித்த அந்தனி ஹொப்கின்ஸ் திரையில் தோன்றுவது குறைந்த நேரம் மட்டுமே. ஆனால் படம் முழுவதும் அவர் எங்கோ நின்று எம்மைக் கவனிப்பதுபோல் இருக்கிறது. அவர் கத்துவதில்லை. முதற் சந்திப்பில், கண்ணாடித் தடுப்பின் பின்னால், விருந்தாளியை எதிர்பார்த்து நிற்பவர்போல நிமிர்ந்து நிற்கிறார். அந்த மரியாதையான குரலும் அசையாத கண்களும்தான் நடுங்க வைக்கின்றன.

இருந்தும் என் மனதில் நின்றவர் க்ளாரிஸாக நடித்த ஜோடி பொஸ்டரே. அவளுக்குப் பயம் இருக்கிறது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவனமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் அவர் கொண்டுவருகிறார். தகப்பனை இழந்தபின் உறவினரின் பண்ணையில் வாழ்ந்த காலத்தில், வெட்டப்படவிருந்த ஆட்டுக்குட்டிகளில் ஒன்றையாவது காப்பாற்ற அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை அவள் லெக்டரிடம் சொல்லும் இடம் முக்கியமானது. வேறொரு நெறியாளர் அந்தப் பண்ணையையும் ஆடுகளையும் காட்டியிருக்கக்கூடும். டெம் அவளுடைய முகத்தை மட்டுமே காட்டுகிறார். சொல்பவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பதைவிட வேறெதுவும் தேவையில்லை என்பதை எமது தொழிலில் இருப்போர் அறிவர்.

நெறியாள்கையின் பெருந்திறமை கமெராவை நிறுத்திய விதத்தில் உள்ளது. க்ளாரிஸுடன் பேசும் ஆண்கள் பெரும்பாலும் நேரே கமெராவைப் பார்த்தே பேசுகிறார்கள். அதாவது எம்மையே பார்க்கிறார்கள். அவளுடைய பார்வையோ சற்றே விலகியிருக்கும். இதனால், படம் பார்ப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவளுடைய இடத்தில் நின்று அந்தப் பார்வைகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் மின்தூக்கியில் நெடிய ஆண்களின் நடுவே அவள் தனித்து நிற்கும் காட்சியும், சிறைப் பொறுப்பாளர் வேலையைப் பற்றிப் பேசாமல் அவளுடைய அழகைப் பற்றிப் பேசும் காட்சியும் இதற்கு உதாரணங்கள்.

ஒரு கட்டத்தில் அவளுடைய மேலதிகாரி, பெண்ணொருத்தியின் முன்னால் பேசக்கூடாத விடயம் என்ற பாவனையில், ஊர்ப் பொலிஸ் அதிகாரியைத் தனியே அழைத்துச் செல்கிறார். அறையில் நிற்கும் பொலிஸார் அத்தனை பேரும் அவளையே பார்க்கின்றனர். அது அவர்களைச் சமாளிக்கச் செய்த தந்திரம் என்று அவர் பின்னர் சமாதானம் கூறும்போது, மற்றவர்கள் உங்களைப் பார்த்துத்தான் நடக்கப் பழகுகிறார்கள், ஆகவே அது சிறிய விடயமல்ல என்கிறாள் அவள்.

அந்தக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டேன். சில வருடங்களுக்கு முன்னர், பெண்ணொருத்தியின் முறைப்பாடு தொடர்பாக ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞரும் கூட வந்தார். அங்கிருந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, நீங்கள் வெளியில இருங்கோ. இதை நான் தம்பியோட கதைக்கிறன்” என்றார். தம்பிக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. நானோ ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் வாங்கில் இருந்தேன். க்ளாரிஸ் சொன்னதை நான் சொல்லவில்லை.

படத்தில் என்னை உறுத்திய இன்னொன்றும் உண்டு. கொலைகாரன் தான் அடைத்து வைத்திருக்கும் கதரின் என்ற பெண்ணை ‘அது’ என்று அஃறிணையில்தான் பேசுகிறான். அவளுடைய தாயோ தொலைக்காட்சியில் தோன்றி, மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவளை ஒரு மனுஷியாக அவன் காண நேர்ந்தால் கொல்வது கடினமாகும் என்பதை க்ளாரிஸ் உடனே விளங்கிக்கொள்கிறாள். நாங்கள் அலுவலகத்தில் எப்படிப் பேசுகிறோம்? “காலையில வந்த கேஸ்”, “அந்த அடிபட்ட கேஸ்”. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். பெண்ணுடை அணிய விரும்பும் ஒருவனைக் கொலைகாரனாகக் காட்டியமை, திருநங்கைகள் மீதும் தற்பாலீர்ப்பினர் மீதும் தவறான அச்சத்தை வளர்க்கும் என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனம் என்றே நினைக்கிறேன்.

உச்சக்கட்டக் காட்சியில் இருள் சூழ்ந்த நிலக்கீழ் அறையில் க்ளாரிஸுக்கு எதுவும் தெரியவில்லை. இருளிலும் பார்க்க உதவும் கருவியை அணிந்த கொலைகாரன் அவளை மிக நெருக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொடுவதற்குக் கையையும் நீட்டுகிறான். நாமும் அவனுடைய கண்களால்தான் அவளைப் பார்க்கிறோம். துப்பாக்கியின் சிறு ஓசை கேட்டதும் அவள் திரும்பிச் சுடுகிறாள். பார்க்க முடியாதபோதும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது எமது அலுவலகத்தில் நான் ‘கேஸ்’ என்று சொல்வதில்லை, பெயரைச் சொல்கிறேன். பெயர் சொல்லக்கூடாத இடத்தில் ‘அந்தப் பிள்ளை’, ‘அந்த அம்மா’ என்கிறேன். இனி யாராவது என்னை வெளியே இருக்கச் சொன்னால், எழுந்து போகமாட்டேன் என்றும் நினைத்திருக்கிறேன்.