ஜாதி நாயா?

போன வருடம் வேலைக்காக டெல்லி கிளம்பியபோது கறுப்பியையும் கூட்டிப்போக முடிவு செய்தேன். ஒரு ஜூலை 23 அன்று, 1999இல் தாமிரபரணியில் உயிரிழந்த 17 பேருக்கு அஞ்சலி செலுத்தப் போன இடத்தில், கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் கிடைத்த குட்டி அவள். ‘பரியேறும் பெருமாள்’ பார்த்த பாதிப்பில் அந்தப் பெயர் வைத்தேன். படத்தின் கறுப்பியைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றார்கள். என் கறுப்பி விமானம் ஏறினாள்.

“நாய வச்சு சீராட்டுறது மேல்தட்டுப் பழக்கம்” என்று தோழர்கள் கிண்டல் செய்தார்கள். 1934இல் ராஜகிருகத்தில் எடுத்த அம்பேத்கர் குடும்பப் படத்தைக் காட்டினேன். அதில் டோபி என்ற அவரது செல்ல நாயும் இருக்கிறது.

அம்மா சொன்னது வேறு. “நாயத் தூக்கிட்டு பிளேன்ல போவப் போறியாட்டி? உங்க தாத்தா செருப்பக் கையில தூக்கிட்டுல்லா அந்தத் தெருவக் கடந்தாவ.”

எல்லா விமானத்திலும் நாயை ஏற்றமாட்டார்கள். எனக்குத் தோதானது திருவனந்தபுரத்தில்தான் கிடைத்தது. முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, பறக்கத் தகுதி உண்டு என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கவேண்டும். பையோடு சேர்த்துத்தான் எடை பார்ப்பார்கள். பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரேக்குள் போகும். நாயை நாம் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். படிவத்தில் இனம் என்ற இடத்தில் ‘நாட்டு நாய்’ என்று எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காத்திருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஜாதி நாயா மேடம்?”

“இல்ல சார், நாட்டு நாய்.”

“சொந்த ஊரு?”

“திருநெல்வேலி.”

“திருநெல்வேலில எங்க?”

“பாளையங்கோட்டை.”

“பாளையங்கோட்டைல எந்தத் தெரு?”

நாய்க்கு ஒரு கேள்வி, எனக்கு மூன்று. நாலும் ஒரே கேள்விதான்.

உயர்ந்த வகை நாயை ‘ஜாதி நாய்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கலப்பில்லாத ரத்தம் உசத்தி என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மதுரைப் பக்கம் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர்த்தெரு நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம்! அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். அந்த அகமணத்தை இங்கே நாய்க்கும் விதித்திருக்கிறார்கள்.

இருபது வயதில் ரயிலில் இதே கேள்விக்கு வேறொரு தெருவின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு வழி நெடுக அவர் என்னிடம் அன்பாகப் பேசிக்கொண்டு வந்தார். அந்த அன்பை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

இந்த முறை, “தெரு எதுக்கு சார்?” என்று கேட்டேன். அவர் செல்போனை எடுத்துக்கொண்டார்.

தம்பி தங்கைகளே, படித்து, சம்பளம் வாங்கி, விமானம் ஏறிவிட்டால் சாதி கீழேயே நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். அது பக்கத்து இருக்கைக்கு வரும், சிரித்த முகத்தோடு ஊர் விசாரிக்கும். பொய் சொல்லித் தப்பிக்கவேண்டாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியது அவர்கள்.

கறுப்பி டெல்லி வரைக்கும் என் காலடியில் தூங்கிக்கொண்டே வந்தாள்.