பழைய படகும் புதிய குழாயும்

2014-ஆம் ஆண்டில் நாம் ஒரு கடிதம் எழுதினோம். நம் தமக்கையின் மகன், நம்மிடமே நான்காண்டுகள் ஓதியவன், பட்டம் பெறுமுன்னரே மதரஸாவை விட்டு மலேசியா சென்று படகு பழுதுபார்க்கும் தொழிலில் சேர்ந்தான். அதிலும் கழிப்பறைக் குழாய் மாற்றுவதே அவனுடைய அன்றாட வேலை எனக் கேள்வியுற்று, "இதற்காகவா நீ ஓதினாய்?" என்று கடிந்து எழுதினோம். மறுமொழி வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கடந்தன.

2023-இல் லங்காவித் தீவில் அவன் இல்லத்தில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒருநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வேலைக்குப் புறப்பட்டவனுடன் நாமும் சென்றோம்.

படகுத்துறையில் நாற்பதாண்டு கண்ட பாய்மரப் படகொன்று நின்றது. வெளிநாட்டு முதியவரும் அவர் மனைவியும் அதிலேயே குடியிருந்தனர். உள்ளே கால் வைத்ததும் துர்நாற்றம் மூக்கைத் துளைத்தது. கழிப்பறையையே புதிதாக மாற்றியும் பயனில்லையாம். இனியும் போகாவிட்டால் படகை விற்றுவிடுவதென்று அம்மூதாட்டியார் முடிவு செய்திருந்தார்.

தூய துணியொன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அவன் பழைய குழாயின்மேல் சுற்றினான். ஆறியதும் எடுத்து நம்மிடம் நீட்டினான். துணியிலும் அதே நாற்றம்!

"எங்கும் ஒழுகவில்லை, மாமா. ஆண்டுக்கணக்கில் கழிவு தேங்கி நின்றதால் குழாயின் சுவரிலேயே நாற்றம் ஊறிவிட்டது. வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது" என்றான்.

முதலில் படகின் அடியில் உள்ள வால்வை மூடினான். பழைய குழாய் மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. நாம் இழுக்க முற்பட்டோம், அவன் தடுத்தான். இழுத்தால் வால்வின் கழுத்து உடையுமாம். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தான். 38 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அக்குழாயில் விரல் நுழையும் வழியே எஞ்சியிருந்தது. சிறுநீரும் கடல்நீரும் கலந்து, சுண்ணாம்புக் கல்லாய் உள்ளே படிந்திருந்தது.

புதிய குழாயும் எளிதில் வளைவதாயில்லை. நாற்றத்தைத் தடுக்கத் தடித்த சுவர் வேண்டுமல்லவா? அதன் முனை வால்வின் கழுத்தில் ஏற மறுத்தது. "சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாமே" என்றோம். "எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், மாமா. நெருப்பும் காட்டலாகாது. வெந்நீரும் சோப்பும் போதும்" என்றான். நாம் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் முனையை அதில் அமிழ்த்தி, இளகியதும் சோப்பு நீர் தடவி, திருகித் திருகி அழுத்தினான். குழாய் ஏறியது.

நடுவே குழாயை நீர்மட்டத்திற்கு மேலாக உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு அடைப்பிதழைப் பொருத்தினான். அஃதின்றேல் கடல்நீர் தானே உள்ளிழுக்கப்பட்டுப் படகை நிரப்பிவிடுமாம்.

துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளை முனைக்கு இரண்டாக, திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்குமாறு மாட்டினான். ஒன்றை நாம் முடுக்கினோம். அவன் அதை மீண்டும் முடுக்கிப் பார்த்தான். நம் முகம் சற்று வாடியதைக் கண்டு, "இது நழுவினால் விடிவதற்குள் படகு கடலடியில் கிடக்கும். உள்ளே இரண்டு உயிர்கள் உறங்குகின்றன, மாமா" என்றான்.

வால்வைத் திறந்தான். உலர்ந்த துணியால் ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துப் பார்த்தான். துணி நனையவில்லை. மூதாட்டியார் உள்ளே வந்து மூச்சை இழுத்தார். அவர் கண்கள் கலங்கின.

திரும்பும் வழியில், "அந்தக் கடிதம் உனக்கு வந்ததா?" என்று கேட்டோம்.

"வந்தது, மாமா. பத்திரமாக இருக்கிறது" என்றவன், சிறிது நேரங் கழித்து, "ஓதியதைத்தானே செய்கிறேன்" என்றான்.

நாம் வாயடைத்துப் போனோம். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறினாலும் நீர் தூய்மை இழக்கும் என்று முப்பதாண்டுகளாக மாணவர்க்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். பிறர் வீட்டு அசுத்தத்தை நீக்க ஒருநாளேனும் நம் கை நீண்டதில்லை. நீட்டியவனையோ இழிவாக எண்ணினோம்.

"அக்கடிதத்தைக் கிழித்துவிடு, மகனே" என்றோம். அவன் சிரித்தான். பள்ளிவாசலில் நமக்கு முன்னரே உளூச் செய்துவிட்டு, நம் சட்டையின் கைப்பகுதியை மடித்துவிட்டான்.