ஒரு வோல்ட்டின் அளவு எங்கிருந்து வந்தது?

பேட்டரிக் கட்டையில் 1.5, வீட்டுப் பிளக்கில் 230 என்று வோல்ட்டை எண்ணாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த 'ஒன்று' என்ற அளவை யார், எதைப் பார்த்து வைத்தார்கள்? மின்சாரம் கற்பிக்கும் பாடங்களில் இது அநேகமாக வருவதில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் வோல்ட் என்பதே எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது.

பெயருக்கு உரியவரிடமிருந்து தொடங்கினேன். பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்ட்டா, 1800 மார்ச் 20 தேதியிட்டு, லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை. இதே வரிசையில் மேலே மேலே அடுக்க வேண்டும். அடுக்கு உயர உயர ஷாக்கும் கூடியது. ஆனால் இத்தனை என்று சொல்ல அன்று பொது அலகு கிடையாது. அந்த அடுக்கும் கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும், ஹைட்ரஜன் குமிழிகள் தகட்டை மூடிக்கொள்வதால். நிலையாக நிற்காததை அளவுகோலாக வைக்க முடியுமா?

விடை 1836இல் இருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டேனியல், செம்பை மயில்துத்தக் கரைசலிலும் துத்தநாகத்தை வேறொரு கரைசலிலும் வைத்து, நடுவே நீர் கசியும் தடுப்பைக் கொடுத்தார். குமிழித் தொல்லை ஒழிந்தது. தந்தி நிலையங்கள் இந்தச் செல்லைப் பற்றிக்கொண்டன. 1861இல் தந்திப் பொறியாளர்கள் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் இதன் மின்னழுத்தத்தையே அலகாக வைக்கலாம் என்றார்கள்.

இயற்பியலாளர்கள் வில்லியம் தாம்சனும் மேக்ஸ்வெல்லும் இருந்த, பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கத்தின் குழுவோ, நீளம், நிறை, காலத்திலிருந்தே மின் அலகுகளும் பிறக்க வேண்டும் என்று நின்றது. சென்டிமீட்டர், கிராம், வினாடியிலிருந்து கிடைக்கும் மின்னழுத்த அலகு மிகமிகச் சிறியது, நடைமுறைக்கு உதவாது. அதைப் பத்துக் கோடியால் பெருக்கினால் டேனியல் செல்லுக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது. அதுதான் ஒரு வோல்ட். 1881இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடும் அதை ஏற்றது. கொள்கையையும் காப்பாற்றி, தந்திக்காரர்களின் கைப்பழக்கத்தையும் மதித்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

படித்ததோடு விட மனம் வரவில்லை. மயில்துத்தமும் ஜிங்க் சல்பேட்டும் உரக்கடையிலேயே கிடைக்கும். (மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.) சின்ன மண்குவளையில் ஜிங்க் சல்பேட் கரைசல் ஊற்றி, தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையிலிருந்து உரித்த துத்தநாகத் தகட்டை நிறுத்தினேன். குவளையை மயில்துத்தக் கரைசலுக்குள் இறக்கிப் பக்கத்தில் செம்புத் தகடு வைத்தேன். மண் ஊறும்வரை மல்டிமீட்டரில் எண்கள் தள்ளாடின. பிறகு 1.07இல் நின்றுவிட்டது.

விரலகலச் செம்பை எடுத்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை வைத்தேன். அதே 1.07. முதன்முதலாகக் கற்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மாடித் தொட்டி சின்னதோ பெரியதோ, நீர்மட்டத்தின் உயரம் ஒன்றென்றால் கீழே குழாயில் அழுத்தமும் ஒன்றுதான். வோல்ட் அந்த உயரம் போல. ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் ஒரு ஜூல் ஆற்றலைத் தந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு வோல்ட். இரண்டு புள்ளிகள் இல்லாமல் வோல்ட் இல்லை; மீட்டருக்கு இரண்டு முனைகள் இருப்பதும் அதனால்தான். டேனியல் செல்லில் அந்த உயரத்தை நிர்ணயிப்பவை துத்தநாகமும் செம்பும். பரப்பு கூடினால் எடுக்கக்கூடிய கரண்ட்தான் கூடும். பென்சில் பேட்டரியும் பெரிய டார்ச் கட்டையும் ஒரே 1.5 வோல்ட்டாக இருப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது: இரண்டிலும் இருப்பவை அதே துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும்.

அதேபோல இன்னொரு செல் செய்து தொடராக இணைத்தேன். மீட்டர் 2.14 காட்டியது, சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. அதற்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல்லில் தகட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது எரியாது.