குளிர்ந்த எஞ்சின்

நான் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், உழவு மாடுகளை விற்றுவிட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார். புதியது வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. மாடு விற்ற பணமும் போதாமல், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாள் கடந்து, எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை உழவுக்கு நாள்கள் குறைவு. அப்பாவின் அவசரத்திற்கு அதுவே காரணம்.

தஞ்சாவூரை அடுத்த ஓரிடத்தில் டிராக்டர் ஒன்று விலைக்கு இருப்பதாக அறிந்து, முதல் பேருந்தில் புறப்பட்டோம். அம்மாவின் தம்பியும் உடன் வந்தார். மாமா பல ஆண்டுகளாகப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்ப்பவர்.

புதிதாகப் பூசிய சிவப்பு வண்ணத்தில் டிராக்டர் பளபளத்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. மாமா ஒன்றும் பேசாமல் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“சூடாக இருக்கிறதே! நாங்கள் வருமுன்பே ஓட்டினீர்களா?”

“உங்களுக்கு ஓட்டிக் காட்டத்தான் அண்ணே, தயாராக வைத்தேன்” என்று சிரித்தார் விற்பவர்.

“ஆறட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்” என்ற மாமா, அப்பாவின் பக்கம் திரும்பி, “அத்தான், சூடான எஞ்சின் யார் தொட்டாலும் கிளம்பும். குளிர்ந்து கிடப்பது எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்” என்றார்.

காத்திருந்த மூன்று மணி நேரமும் வீணாகவில்லை. பதிவுச் சான்றிலிருந்த எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் நான் படிக்க, வண்டியில் பொறித்திருந்த எண்களோடு மாமா ஒப்பிட்டார். கடன் கொடுத்த வங்கியின் தடையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தார். “எண்ணெய் பால் கலந்த காப்பி போல் இருந்தால், தண்ணீர் உள்ளே கசிகிறது என்று பொருள், மாப்பிள்ளை” என்று எனக்குக் காட்டினார். அந்த எண்ணெயில் குறையில்லை. முன்புறத்தை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தார். லேசான ஆட்டம் தெரிந்தது. “இது சிறு செலவு” என்றார்.

வெயில் ஏறியபின் எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். நான்கு முறை முனகி, ஐந்தாம் முறை உயிர்பெற்றது. புகைபோக்கியிலிருந்து நீலப்புகை சுருண்டு எழுந்தது, நெடுநேரமாகியும் அடங்கவில்லை. கரும்புகை என்றால், காற்றுவடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் மிகுதியாகச் செல்லலாம். நீலப்புகையோ எஞ்சின் எண்ணெயே எரிவதன் அடையாளம். உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும்.

“விலையைக் குறைத்துக் கேட்டால் என்ன?” என்றார் அப்பா. அவர் நெஞ்சம் இன்னும் அந்தச் சிவப்பு வண்டியை விட்டு அகலவில்லை.

மாமா வண்டியைப் பின்புறத் திடலுக்கு ஓட்டிச் சென்றார். டிராக்டரில் இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புகையில் ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிடுவார்கள். மாமா இணைத்து மிதித்தார். வண்டி நேரே நிற்காமல் வெடுக்கென இடப்புறம் இழுத்தது. வலப்பக்கப் பிரேக் ஏறத்தாழச் செயலிழந்திருந்தது.

மாமா இறங்கி வந்தார். “அத்தான், எஞ்சின் தேய்ந்தால் பணம் போகும். பிரேக் தேய்ந்தால் ஆள் போய்விடுவான். நம் வயலுக்கு எந்த வழியாகப் போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.”

ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்லும் குறுகிய கரை என் கண்முன் வந்தது. ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டி எளிதில் கவிழும் என்று அந்த ஆண்டுதான் இயற்பியல் வகுப்பில் படித்திருந்தேன். அந்தக் கரையில், அந்த இருக்கையில் அமரப்போவது அப்பா.

“பிரேக்கைச் சரிசெய்து தருகிறேன்” என்றார் விற்பவர். “சரிசெய்யலாம்தான். ஆனால், கேட்கும்வரை நீங்கள் சொல்லவில்லையே!” என்றார் அப்பா. அன்று அவர் பேசிய கடைசிச் சொற்கள் அவையே. பேருந்தில் வீடு வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குறுவைக்கு வாடகை டிராக்டரே உழுதது.

சம்பாவுக்கு முன்பாக வேறொரு வண்டி கிடைத்தது. வண்ணம் வெளிறி, இருக்கை கிழிந்திருந்தது. அதன் உரிமையாளரான முதியவர் எங்களை அமரவைத்து, “மூன்று குறைகள் இருக்கின்றன, முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்” என்றார். அவர் சொன்ன மூன்றையும் தவிர நான்காவது ஒன்றை மாமாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வண்டி எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகள் உழைத்தது. அடகுச் சங்கிலியை மீட்டதும் அதன் உழைப்பால்தான்.

அதை விற்கும் நாளும் வந்தது. வாங்க விரும்பியவர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிரவு ஒரு தாளில் வண்டியின் குறைகளை வரிசையாக எழுதி வைத்தேன். விடிந்தபின், அவர் வந்து தம் கையால் சாவியைத் திருப்பும்வரை, எஞ்சினை நான் தொடவில்லை.