சாவியைத் திருப்பிக் கொடுத்த அண்ணன்

இது வண்டி டியூனிங் பற்றிய பதிவு. கூடவே ஒரு மன்னிப்பும் இருக்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நம்ம கோயில் பிக்-அப்பை எல்லாருக்கும் தெரியும். பழைய டாட்சன், கார்புரேட்டர் வண்டி. ஆடி முதல் வெள்ளி அன்னைக்கு முதியோர் இல்லத்துக்குக் கூழ் அண்டாவோட போனப்போ, நல்ல மழையில திராபிக் லைட்டுல நின்னுடுச்சு. கூழ் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் தாமதம். மருந்து சாப்பிட வேண்டிய தாத்தா பாட்டிங்க பிஸ்கட் தின்னுட்டுக் காத்திருந்தாங்க.

எனக்கு வந்த கோபத்தில, வண்டி ஓட்டின அண்ணனை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். "சோக்கை இழுத்து இழுத்தே எஞ்சினைக் கெடுத்துட்டீங்க"ன்னு. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். ஒண்ணும் பேசல. சாவியை மேசையில வச்சிட்டுப் போயிட்டார். அடுத்த வெள்ளி சேவைக்கு வரல.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவோட லோரியில சின்ன வயசுல பார்த்துப் பழகின வேலை இது. எஞ்சின் ஆறின பிறகு பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டினேன். பிளக் வயர் நாலுக்கும் டேப் ஒட்டி நம்பர் எழுதினேன். இதை மட்டும் மறக்காதீங்க. இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-4-2. ரெண்டு வயர் மாறினாலும் கார்புரேட்டர் வழியா 'டப்'புன்னு வெடிக்கும். வயரை இழுக்காம, ரப்பர் மூடியைப் பிடிச்சுக் கழட்டணும். ஒரு பிளக்கை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகணும்.

பிளக் நுனி வெளிர் பழுப்பா இருந்தா நல்லது. நம்மளது நாலும் கரி பிடிச்சிருந்தது. புதுசுக்கு ஃபீலர் கேஜ் வச்சு 0.8 மில்லிமீட்டர் இடைவெளி பார்த்து, முதல்ல கையாலேயே திருகி, கடைசியிலதான் ஸ்பேனர் போட்டேன்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே முடி மாதிரி ஒரு விரிசல். மழை ஈரம் அதுல இறங்கினா, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாம அந்த வழியா ஓடிடும். பாயிண்ட் ரெண்டு முகமும் கருகிக் குழி விழுந்திருந்தது. கேம் மேடு பாயிண்டை முழுசாத் திறக்கிற இடத்துல 0.5 மில்லிமீட்டர் இருக்கணும். இங்கே ஒரு தாள் நுழையிற அளவுகூட இல்ல. கேமோட உரசுற கட்டை தேயத் தேய இடைவெளி மூடிக்கும். ஒரு நாள்ல நடக்கிறது இல்ல இது, மாசக்கணக்கா தேய்ஞ்சிருக்கு.

வண்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பாயிண்ட் மாத்தின பக்கம் மூணு வருஷமா காலி. அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பு நான்தான்.

பாயிண்ட், ரோட்டர், மூடி எல்லாம் புதுசு போட்டேன். கேமுக்குத் துளி கிரீஸ். பாயிண்ட் இடைவெளி மாறினா டைமிங்கும் மாறும். அதனால பேட்டரியை மாட்டி, எஞ்சின் சூடான பிறகு, வேக்கம் குழாயைக் கழட்டி அடைச்சிட்டு, டைமிங் லைட்டுல கப்பிக் குறியைப் பார்த்துச் சரி பண்ணினேன். எல்லா சாமானும் சேர்த்து நூறு வெள்ளிக்குள்ளதான். ஒரு மதியம் போச்சு.

அந்த வண்டியிலேயே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு, "தப்பு என் பேர்ல அண்ணே, மன்னிச்சிடுங்க"ன்னேன். அவர் வண்டியைத்தான் பார்த்தார். "லைட்டுல நிக்கும்போது ஒரு நடுக்கம் வருமே, அது போயிடுச்சா? மூணு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தேனே தம்பி."

உண்மைதான். ரெண்டு மூணு தடவை சொன்னார். "பார்க்கலாம்ணே"ன்னு சொல்லிட்டு மறந்தவன் நான். அவரை எல்லார் முன்னாடியும் திட்டினதால, இந்த மன்னிப்பையும் எல்லார் முன்னாடியும் எழுதுறேன்.

மூணாம் வெள்ளி அவர்தான் ஓட்டினார். அன்னைக்கும் மழை. பதினொரு மணிக்கெல்லாம் கூழ் போய்ச் சேர்ந்தது.

இனிமே வண்டி ஓட்டுற எல்லாரும், நடுக்கமோ வாடையோ சத்தமோ இருந்தா புத்தகத்துல எழுதுங்க. ஒவ்வொரு ஞாயிறும் நான் படிப்பேன். படிக்கலைன்னா கேளுங்க.

ஓம் சக்தி.