அம்மா விளக்கேற்றும் நேரம்

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பழைய நாள்காட்டிப் பக்கம் ஒட்டியிருக்கிறது. பனி மூடிய மரங்களுக்கு மேல் பச்சைத் திரை போட்டதுபோல் வானம். கீழே சின்ன எழுத்தில் ‘லாப்லாந்து, ஃபின்லாந்து’ என்று இருக்கும். ஒட்டியது அம்மா. “ஒருநாள் இதை நேர்ல பார்க்கணும்” என்பார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார் அப்பா. அப்பா போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மாவுக்கு இப்போது 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம்.

இந்த ஆண்டு நானே கணினி முன்னால் உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது டிசம்பர்தான். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை. ரோவனியெமியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம் வேறு இருக்கிறது. விலையைப் பார்த்ததும் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கு ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் மாதம் அது.

அம்மாவின் கவலை வேறு. “அங்க எத்தனை மணிக்கும்மா இருட்டும்?”

தேடிப் பார்த்தேன். டிசம்பர் கடைசியில் ரோவனியெமியில் சூரியன் 11 மணிக்கு மேல் உதித்து, ஒன்றரை மணிக்குள் மறைந்துவிடுகிறது.

“அப்போ மத்தியானமே விளக்கேத்தணுமா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. அந்த நேரத்துக்கு விளக்கேற்றியே பழகியவர். ஜூன் என்றால் இன்னும் வேடிக்கை. ஆர்க்டிக் வட்டத்தில் அப்போது சூரியன் மறைவதே இல்லை. இருட்டு இல்லாவிட்டால் துருவ ஒளியும் கண்ணுக்குத் தெரியாது. நாள்காட்டிப் படத்துக்காகப் போகிறவர்களுக்கு ஜூன் வீண்.

செப்டம்பர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லாப்லாந்தில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும் பருவத்துக்கு ‘ருஸ்கா’ என்று பெயர். இரவு மீண்டும் இருட்டத் தொடங்கிவிடும்; ஏரிகள் உறைந்திருக்காது, ஒளி தண்ணீரிலும் தெரியும். காட்டில் பழம் பறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழுக்கும் பனி இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆனால், மூத்தவளுக்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ. செப்டம்பர் விடுமுறை முடிந்த சில வாரங்களில் எழுத்துத் தேர்வு. வெளியூர் என்ற சொல்லையே அப்போது வீட்டில் எடுக்க முடியாது.

“தேர்வு முடியட்டுமே, அதுக்கு அடுத்த வருஷம் நிம்மதியாப் போகலாம்” என்றார் கணவர். நியாயமான பேச்சுதான். ஆனால், ‘அடுத்த வருஷம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார். அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் மாத ஒரு வார விடுமுறையை அதுவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சனி, ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள். மார்ச் நடுவில் அங்கே பனி நன்றாகக் குவிந்திருக்கும். சின்னவனுக்கு அது போதும். பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம், நம் ஊரைப் போலவே. பகலிரவு சமமாகும் நாள்களை ஒட்டிய வாரங்களில் துருவ ஒளி தோன்றும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல் என்கிறார்கள் அறிவியலாளர்கள். சூரியன் மறைவது ஏறத்தாழ ஆறேகால் மணிக்கு. அதைச் சொன்னபோதுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

மிச்சம் இருந்தது முழங்கால். இரவில் மைனஸ் 15 டிகிரிகூட ஆகலாம். தரை கண்ணாடிபோல் இருக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டைகள் கிடைக்கின்றன. ‘பொத்குரி’ என்று ஒன்றும் இருப்பது தெரியவந்தது. முன்னால் ஒரு நாற்காலி, கீழே இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். பின்னால் நிற்பவர் ஒரு காலால் உந்தித் தள்ளலாம். அந்த ஊர்ப் பாட்டிகள் குளிர்காலத்தில் அதில்தான் கடைக்குப் போய் வருவார்களாம். படத்தைப் பார்த்த அம்மா, “யாரு தள்ளுறது?” என்று கேட்டார். கணவர் கையைத் தூக்கினார். அதோடு அந்தச் சண்டையும் முடிந்தது.

ஹெல்சிங்கிக்கு நேரடி விமானம், ஏறத்தாழ 14 மணி நேரம். அங்கிருந்து வடக்கே போக உள்ளூர் விமானம் இருந்தாலும், படுக்கை அறையுள்ள இரவு ரயிலைத்தான் எடுத்திருக்கிறோம். அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். ரோவனியெமியில் நான்கு இரவுகள். மேகம் மூடினால் நான்கு இரவும் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

“கோயில்ல திரை போட்டிருந்தா திறக்குற வரைக்கும் நிக்குறதில்லையா?” என்றார்.

பனிக் காலணி போன வாரம் வந்து சேர்ந்தது. மாலையில் விளக்கேற்றியதும் அம்மா அதை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். நம் ஊர் வெக்கையில் நெற்றியெல்லாம் வியர்வை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். “மார்ச்” என்றார் அம்மா.